பெட்டியா, மரமா, மருந்துக் கட்டுப்பாடா: தேனீக்காக ஊர் சேர்ந்தால் எதில் தொடங்குவது?

போன மாசியில் எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசினோம். திருவிழாக் கணக்கில் நாற்பதாயிரம் ரூபாய் மீந்திருந்தது. அதை ஊருக்குப் பயன்படுகிற எதிலாவது போடலாம் என்பதுதான் பேச்சு. "முன்னெல்லாம் முருங்கைப் பூவுல கை வைக்க முடியாது, அவ்வளவு ஈ மொய்க்கும். இப்பப் பூ பூத்துக் கொட்டுது, காய் பிடிக்க மாட்டேங்குது" என்றார் ஒரு பெரியப்பா. பேச்சு தேனீ பக்கம் திரும்பியது அப்படித்தான். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் போகிற ஊர் எங்களுடையது. முருங்கை காய்க்காமல் போவதற்கு வெயில், தண்ணீர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை, எல்லோரும் கண்ணால் பார்த்ததுதான்.

உடனே ஒரு தம்பி, "பத்துப் பெட்டி வாங்கி வைப்போம்ணே" என்றான். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஒரு மாதம் டைம் கேட்டேன். ஆறு வருடமாகத் தேனீயோடு பழகுகிறவன், அதில் இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டவன். அந்த ஒரு மாதத்தில் யோசித்ததையும் விசாரித்ததையும் எழுதுகிறேன். இதே மாதிரி யோசிக்கிற வேறு ஊர்க்காரர்களுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் உதவலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தேனீ குறைகிறது என்றால் எந்தத் தேனீ? உலக அளவில் பெட்டியில் வளர்க்கிற தேனீக் கூட்டங்கள் கடந்த அறுபது ஆண்டுகளில் கூடித்தான் இருக்கின்றன என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கு. நம் பக்கம் கண்ணெதிரே குறைவது பெட்டிக்கு வெளியே வாழ்கிறவை. ஆலமரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெரிய ஒற்றை அடை கட்டுகிற மலைத்தேனீ. வேலிச் செடியில் உள்ளங்கை அளவு அடை கட்டும் கொம்புத்தேனீ. மரப்பொந்து, கல்சுவர், புற்று என்று இருட்டான இடம் தேடி அடுக்கடுக்காக அடை வைக்கும் நாட்டுத்தேனீ. இதைத்தான் பெட்டியிலும் வைக்கிறோம். சுவர் ஓட்டையில் மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டு இருக்கும் கொசுத்தேனீ. சாலையை அகலப்படுத்த ஒரு பழைய புளியமரம் சாயும்போது, அதன் பொந்தில் இருந்த நாட்டுத்தேனீக் கூட்டமும் போகிறது. உயிர்வேலியைப் பிடுங்கிக் கம்பிவேலி போடும்போது கொம்புத்தேனீ போகிறது. பத்துப் பெட்டி வாங்கினால் இவை திரும்பி வருமா என்பதுதான் நான் திண்ணையில் கேட்க நினைத்த கேள்வி.

பெட்டி

பெட்டி நமக்குப் புதிதல்ல. 1910-களில் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன் நாட்டுத்தேனீயின் அளவுக்கு ஏற்ற ஒரு சின்னப் பெட்டியை உருவாக்கிப் பலருக்கும் பழக்கிவிட்டார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், விவசாயிகளின் உபதொழிலாகத் தேனீ வளர்ப்பை ஊன்றினார். அந்த வழியில் வளர்ந்த மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. "அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?" என்று கேட்பது நியாயம்தான்.

ஆனால் குமரி மாவட்டத்தில் ரப்பர் இருக்கிறது. இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் நாட்களில் ரப்பர் இலைக்காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். பூவே வேண்டாம், தளிரிலிருந்தே தேன் கிடைக்கிறது. பெட்டி பெட்டியாகத் தேன் எடுப்பது அந்தப் பருவத்தை நம்பித்தான். எங்கள் பக்கம் அப்படி ஒரு பெருக்கு கிடையாது. முருங்கை, தென்னை, வேம்பு, புளி என்று துண்டு துண்டாகக் கிடைக்கும். நடுவில் ஆடிக்காற்றில் ஒரு வறட்சி, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு வறட்சி.

என் கதையைச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கியது இரண்டு பெட்டி. ஒன்று அந்த ஆண்டு ஆடியிலேயே ஓடிப்போனது. காலையில் வாசலில் நடமாட்டம் இல்லையே என்று மூடியைத் திறந்தால், நாலு அடை அப்படியே இருக்கிறது, ஒரு சொட்டுத் தேன் இல்லை, ஒரு ஈ இல்லை. பூ இல்லாத நாளில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்பது தெரியும். இரண்டு வாரம் வெளியூர் வேலை, வைக்க ஆளில்லை.

இன்னொன்று போன விதத்தை மறக்க முடியாது. பங்குனி மாதம், காலை பத்தரை மணி இருக்கும். பெட்டி வாசலுக்கு முன்னால் தரையில் ஒரு முறம் அகலத்துக்குத் தேனீக்கள் கிடந்தன. பாதி செத்துவிட்டன, பாதி ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நாக்கு வெளியே நீண்டிருந்தது. பின்னங்காலில் மகரந்த உருண்டை அப்படியே ஒட்டியிருந்தது. வயிற்றுப் பாட்டுக்குப் போய்விட்டு வீடு வரை வந்து வாசலில் விழுந்திருக்கிறது. உள்ளே அடையில் புழுக்கள் உயிரோடு நெளிந்தன, ஊட்டத்தான் ஆளில்லை. பக்கத்துத் தோட்டத்தில் என் சித்தப்பா காலை எட்டு மணிக்கு முருங்கைக்கு மருந்து அடித்திருந்தார். பூவில் ஈ உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கம்பளிப்பூச்சி மரத்தண்டெல்லாம் அப்பியிருந்தால் யாராக இருந்தாலும் மருந்தைத்தான் எடுப்பார்கள். எப்போது அடிக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, பத்துப் பெட்டிக்கு என்ன வேண்டும் என்று பார்த்தால்: பெட்டி, கூட்டம், புகைப்பான், முகவலை, தேன் எடுக்கும் இயந்திரம் என்று நாற்பதாயிரமும் கரைந்துவிடும். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். எறும்பு ஏறாமல் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும். மெழுகுப் பூச்சி வந்த அடையை எடுத்து எரிக்க வேண்டும். ஊர்ப்பணத்தில் வாங்கிய பெட்டியை யார் பார்ப்பது? முதல் மாதம் எல்லோரும் பார்ப்பார்கள், மூன்றாம் மாதம் யாரும் பார்க்கமாட்டார்கள். தன் வீட்டுக் கொல்லையில் தன் காசில் வைத்தவர்தான் மழையிலும் குடை பிடித்துப் போய்ப் பார்ப்பார். இது நான் அனுபவத்தில் கண்டது.

நோய் இன்னொரு பயம். 1991-92 வாக்கில் தென் மாநிலங்களில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவியது. கேரளத்திலும் குமரியிலும் பத்துக்கு ஒன்பது பெட்டி காலியானது என்று பழைய வளர்ப்பாளர்கள் சொல்வார்கள். நோய் கண்ட புழு தலையை மேலே தூக்கியபடி அறைக்குள் நீட்டிக் கிடக்கும். ஊசியால் எடுத்தால் தண்ணீர் நிறைந்த பை மாதிரி வரும். இதற்கு மருந்து கிடையாது. எங்கிருந்தோ பத்துக் கூட்டத்தை ஒரே நாளில் கொண்டுவந்து இறக்கினால், அதோடு நோயும் வந்து இறங்கி, மரப்பொந்தில் மிச்சம் இருக்கிற நாட்டுத்தேனீக்கும் தொற்றலாம். காப்பாற்றப் போய்க் கெடுத்த கதையாகிவிடும்.

அதற்காகப் பெட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. மகரந்தம் சேர, நாலு காசு பார்க்க, பிள்ளைகளுக்குத் தேனீ என்றால் என்ன என்று காட்ட அதைவிட நல்ல வழி கிடையாது. மானியமும் அதற்குத்தான் அதிகம்: 2017-ல் கதர் கிராமத் தொழில் ஆணையம் தொடங்கிய தேன் திட்டம், 2020-ல் 500 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட தேசியத் தேனீ வளர்ப்பு இயக்கம் எல்லாம் பெரும்பாலும் பெட்டி, பயிற்சி, தேன் விற்பனை என்றுதான் போகின்றன. அதனாலேயே ஊர்க்கூட்டத்தில் முதல் பேச்சாகப் பெட்டி வந்துவிடுகிறது. லண்டனில் இந்த ஆசை முற்றி, பூவுக்கு மிஞ்சிய பெட்டிகள் சேர்ந்து காட்டுத்தேனீக்களின் தீனியைப் பறிக்கக்கூடும் என்று 2020-ல் அங்குள்ள கியூ தாவரவியல் பூங்காவே எச்சரித்தது. நாம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, ஆனால் முதலில் பூ, பிறகுதான் பெட்டி என்ற வரிசை நமக்கும் அதேதான்.

இத்தாலியத் தேனீ பற்றியும் கேட்டார்கள். 1960-களில் இமாச்சலத்தில் வேரூன்றிப் பிறகு நாடெங்கும் பரவியது. தேன் பல மடங்கு வரும். ஆனால் பூ இருக்கும் இடம் தேடிப் பெட்டிகளை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர்களுக்கு உரியது அது. ஒட்டுண்ணித் தொல்லைக்கும் பார்க்க வேண்டும். நம் ஊர்த் தேனீயைக் காப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, விட்டுவிடலாம்.

மருந்துக் கட்டுப்பாடு

காசு செலவே இல்லாத வழி இது. கஷ்டமும் இதுதான், ஏனென்றால் வாங்கி வைக்கிற பொருள் எதுவும் இதில் இல்லை, மனிதர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். நாட்டுத்தேனீ சாதாரணமாக ஒன்று ஒன்றரை கிலோமீட்டருக்குள் மேய்ந்துவிட்டு வருகிறது. அந்த வட்டத்துக்குள் ஒருவர் மட்டும் இயற்கை விவசாயம் செய்து பயனில்லை. ஊர் சேர்ந்தால் மட்டுமே நடக்கும், தனி ஆளால் முடியவே முடியாத ஒரே வேலை இதுதான். ஊர்க்கூட்டம் என்று ஒன்று கூடினால் அது முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

என்ன கேட்கலாம்? "மருந்தே அடிக்காதீங்க" என்று போய் நின்றால் கதவைச் சாத்திவிடுவார்கள், சரியும்கூட. நாங்கள் மூன்றே விஷயம் கேட்டோம். ஒன்று, காலையில் வேண்டாம், பொழுது சாய்ந்தபின் அடியுங்கள். தேனீயின் மேய்ச்சல் பெரும்பாலும் முற்பகலில், இருட்டினால் கூட்டுக்குள் போய்விடும். இரவில் காய்ந்த மருந்தால் மறுநாள் வருகிற சேதம் குறைவு. இரண்டு, தூளாகத் தூவுகிற மருந்து வேண்டாம். மகரந்தத்தோடு சேர்ந்து ரோமத்தில் ஒட்டிக் கூடு வரை போய்ப் புழுவுக்கும் ஊட்டப்பட்டுவிடும். மூன்றாவதுதான் முக்கியம். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் மாதிரி செடிக்குள் ஊடுருவி நிற்கிற மருந்துகளை மொட்டுக் கட்டியது முதல் பூ முடியும் வரை தொடவே வேண்டாம். மாலையில் அடித்தாலும் அது பூந்தேனுக்குள் வந்து சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இந்த இரண்டோடு குளோதியானிடினையும் சேர்த்துத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. இங்கே தடை இல்லை, மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருகிறார்கள்.

கம்பளிப்பூச்சிக்கு மாற்று வழியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு நிற்காது. அந்தப் புழுக்கள் பகலில் தண்டில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும். துணி சுற்றிய கம்பில் தீப்பந்தம் வைத்து அங்கேயே பொசுக்குவது பழைய முறை. மரம் முழுக்க ஒரு டேங்க் மருந்து அடிப்பதற்குப் பதில் தண்டில் பத்து நிமிட வேலை. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "எங்கப்பா அப்படித்தாண்டா பண்ணுவாரு, நாந்தான் மறந்துட்டேன்" என்றார்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. மருந்து அடிப்பவர் முதல் நாளே "நாளை சாயங்காலம் மேக்காட்டுல" என்று ஒரு வரி போட்டுவிடுகிறார். எல்லோரும் போடுவதில்லை, பாதிப் பேர் போடுகிறார்கள். அது எனக்குப் பெரிய விஷயம்.

வரப்புக் களைக்கொல்லியும் இதே கணக்கில் சேரும். தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் வரப்பில் பூத்திருந்தால் மரம் பூக்காத நாட்களில் தேனீ அதை வைத்து ஒப்பேற்றிவிடும். வரப்பைப் பளிங்கு மாதிரி வைத்திருந்தால் அதுவும் இல்லை. நடக்கிற பாதையை மட்டும் செதுக்குங்கள், ஓரத்தை விட்டுவிடுங்கள் என்றால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். கூலியும் மிச்சம்.

மரம்

மரம் நடுவோம் என்றால் எதிர்ப்பு இருக்காது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் எந்த மரம், எந்த மாதத்துக்கு என்று பார்க்காமல் நட்டால் தேனீக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எங்கள் பக்கம் வேம்பு, புங்கன், நாவல் எல்லாமே கோடையை ஒட்டிப் பூக்கும். அதைத் தொடர்ந்து புளி. அப்போது தேனீக்குப் பஞ்சம் இல்லை. இன்னும் நூறு வேம்பு நட்டாலும் அந்த மாதங்களில்தான் சேரும். பஞ்சம் ஆடியிலும் மழைக்காலத்திலும். இலந்தை மழைக்காலத்தை ஒட்டிப் பூக்கிறது, காட்டு மரம், தண்ணீர் கேட்காது. வேலி ஓரத்துக்கு அதுதான் என் முதல் தேர்வு. தென்னை ஆண்டு முழுக்கப் பாளை வெடிக்கும். வீட்டு வாசலுக்குத் துளசியும் கொடி ரோஜாவும் (ரோஜா இனம் இல்லை, ஆன்டிகோனான் என்ற பூங்கொடி). கொடி ரோஜாவில் காலையில் காதை வைத்தால் இரைச்சல் கேட்கும், அவ்வளவு பிடிக்கும் தேனீக்கு.

சீமைக்கருவேலம் பற்றி ஒரு வார்த்தை. நிலத்தைக் கெடுக்கிற மரம் என்று வெட்டுகிறோம், வெட்டட்டும். ஆனால் பல வறண்ட ஊர்களில் தேனீக்கு அதுதான் சோறு போட்டுக்கொண்டிருந்தது. வெட்டிய இடத்தில் இலந்தையோ வாகையோ புங்கனோ வைக்காமல் மொட்டையாக விட்டதுதான் தவறு. எங்கள் கண்மாய்க் கரையில் அப்படி ஒரு அரைக்கிலோமீட்டர் கிடக்கிறது.

கன்று விலை அதிகம் இல்லை, வனத்துறை நாற்றங்காலில் மலிவாகவே கிடைக்கும். செலவு தண்ணீருக்கும் ஆட்டிடமிருந்து காக்கிற கூண்டுக்கும். பலன் வர ஐந்தாறு வருடம். அதுவரைக்கும் எள், கொத்தமல்லி, சூரியகாந்தி என்று யாராவது ஓரப்பயிர் போட ஊர்ப்பணத்தில் விதை வாங்கித் தரலாம். மறு பருவமே தெரியும்.

இருக்கிற கூட்டைக் காப்பது

இதை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ அடை தொங்கினால், ராத்திரியில் தீப்பந்தம் காட்டி எரிப்பதுதான் வழக்கம். ஒரு அடையில் பல ஆயிரம் ஈ இருக்கும். அந்த ஒரு கூட்டை எரிக்காமல் விடுவது சில பெட்டிகள் வாங்குவதற்குச் சமம், செலவோ ஒன்றும் கிடையாது.

மலைத்தேனீ நிரந்தரமாக ஓர் இடத்தில் இருக்காது. பருவம் மாறினால் அடையை விட்டுவிட்டுக் கிளம்பும். சில மாதம் கழித்துப் பழைய மரத்துக்கே, பழைய கட்டடத்துக்கே திரும்பி வருவதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே தொல்லை என்றாலும் கொஞ்ச காலம்தான். அதுவரை கீழே கயிறு கட்டி ஆள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெடி போடக் கூடாது, குப்பையை எரித்துப் புகை விடக் கூடாது, இரவில் பக்கத்தில் பெரிய விளக்கு எரியக் கூடாது. நிலா வெளிச்சத்திலும் பறக்கிற ஈ அது. டியூப்லைட்டுக்கு வந்து விழுந்து காலையில் செத்துக் கிடப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் விளக்கை அணைத்தால் போதும்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. மலைத்தேனீ கூட்டமாக விரட்டிக் கொட்டினால் உயிருக்கே கேடு. பள்ளிக்கூட வராண்டாவிலோ மருத்துவமனை வாசலிலோ கட்டினால் விட்டுவைக்க முடியாது. எரிக்காமல் அகற்றத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். இதற்கு ஊருக்கு இரண்டு பேராவது பழகியிருக்க வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் வேளாண் அறிவியல் மையங்களிலும் தேனீ வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள். அதில் நாட்டுத்தேனீக் கூட்டத்தைச் சுவரிலிருந்து பெட்டிக்கு மாற்றப் பழகலாம். மலைத்தேனீக்குக் காட்டில் தேன் எடுக்கிறவர்களின் கைப்பழக்கம்தான் வேண்டும். யாருக்காவது கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

கொசுத்தேனீ இந்த வகையில் ஒரு வரம். கொட்டாது. பள்ளிக்கூடத்துக்கும் மாடிவீட்டுக்கும் ஏற்றது, மூங்கிலிலோ மண்பானையிலோ வைக்கலாம். ஒன்றே ஒன்றில்தான் எச்சரிக்கை வேண்டும்: அதன் தேனுக்கு விலை அதிகம் என்பதால் சுவரையும் மரத்தையும் உடைத்துக் கூட்டை எடுத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இடிக்கப்போகிற வீட்டுச் சுவரிலிருந்து எடுத்தது என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

எங்கள் முடிவு

மறு மாதம் திண்ணையில் இதையெல்லாம் சொன்னேன். தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், பெட்டியைத்தான் அவன் ஆசையாகக் கேட்டான். கடைசியில் பணத்தை இப்படிப் பிரித்தோம்: பாதிக்கு மேல் கண்மாய்க் கரையில் இலந்தையும் வாகையும் புங்கனும் கூண்டோடு வைக்க. ஒரு பங்கு ஓரப்பயிர் விதைக்கு. தம்பியும் அவன் கூட்டாளி ஒருவனும் பயிற்சிக்குப் போய்வர ஒரு பங்கு. மருந்துக் கட்டுப்பாட்டுக்கும் தொட்டிக் கூட்டுக்கும் காசு தேவைப்படவில்லை.

வேறு இடத்தில் கணக்கு மாறும். மலையடிவாரத்தில், காபித் தோட்டத்தில், வருடம் முழுக்க ஏதாவது பூக்கிற இடத்தில் இருந்தால் பெட்டியில் தொடங்கினாலும் தப்பில்லை. நகரத்து அடுக்குமாடி என்றால் பெட்டியை மறந்துவிட்டு, பால்கனியில் துளசி, தட்டில் கூழாங்கல் போட்டுக் கொஞ்சம் தண்ணீர், கூடு கட்டினால் பூச்சிமருந்து ஆளைக் கூப்பிடுவதில்லை என்று சங்கத்தில் ஒரு தீர்மானம், இது போதும். கூழாங்கல் இல்லாத தண்ணீரில் தேனீ மூழ்கிச் செத்துவிடும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

பயிற்சி முடித்துவந்த தம்பி, இடிக்கப்போகிற ஒரு பழைய மண்வீட்டுச் சுவரில் நாட்டுத்தேனீக் கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். வெளியூரிலிருந்து வாங்காமல் அதையே தை பிறந்ததும் பெட்டிக்கு மாற்றலாம் என்று யோசனை. பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, "என் தோட்டத்துல வைங்கடா, நான் பாத்துக்கறேன்" என்றார் சித்தப்பா.